‘சாஃப்ட்வேர் போட்டாச்சு’ என்றால் என்ன நடந்திருக்கிறது?

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் போன், முகூர்த்த சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் லோகோவிலேயே நின்றுவிட்டது. கம்பெனி பெயர் வரும், அணையும், மறுபடி வரும். பிளவுஸ் அளவுகளை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். நோட்டு ஒருமுறை மழையில் ஊறிப்போனதிலிருந்து வந்த பழக்கம் அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல் சர்வீஸ் கடைக்குப் போனைக் கொண்டுபோனார்.

“சாஃப்ட்வேர் போயிருக்குக்கா. போட்டுத் தந்துடறேன், ஐந்நூறு ரூபா.”

“படமெல்லாம் இருக்குமா தம்பி?”

“போனாலும் ரெக்கவர் பண்ணிக்கலாம்க்கா.”

சாயங்காலம் போன் புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. படம் ஒன்றுகூட இல்லை. எந்த ரெக்கவரியிலும் அவை கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம், பாதி தைத்த துணிகளை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தார்.

அந்தத் தம்பி ஏமாற்றவில்லை. தான் நம்புவதைத்தான் சொன்னார். கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே தவறான நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளும்போது, தடுத்துக் கேட்க ஆளே இருப்பதில்லை. ‘சாஃப்ட்வேர் போடுவது’ என்ற ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் அடங்கியிருக்கின்றன. எந்த வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து அப்போதே விலகிவிடும். அதற்காகவே, கடைகளிலும் வீடுகளிலும் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“ஃபேக்டரி ரீசெட் பண்ணினா சாஃப்ட்வேர் புதுசாயிடும்”

ஆகாது. போனின் சேமிப்பகத்தை ஒரு வாடகை வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் வீட்டுக்காரர் கட்டியவை. அதுதான் ஆண்ட்ராய்டு சிஸ்டம். பாத்திரம், துணிமணி, சாமி படம் எல்லாம் குடியிருப்பவருடையவை. உங்கள் படங்கள், ஆப்கள், வாட்ஸ்அப் அரட்டைகள் அந்த வகை. போனுக்குள் இந்த இரண்டும் தனித்தனிப் பகுதிகளில் இருக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் குடியிருப்பவரின் சாமான்கள் மொத்தமும் காலியாகும். சுவரை அது தொடுவதே இல்லை.

சுவரில் விரிசல் இருந்தால், அதாவது சிஸ்டம் ஃபைல்களே கெட்டிருந்தால், ரீசெட்டுக்குப் பிறகும் போன் லோகோவில்தான் நிற்கும். சாமானும் போய்விட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 13-க்கு அப்டேட் ஆகிவிட்ட போனை ரீசெட் செய்தால் 12 திரும்பி வராததற்கும் காரணம் இதுதான். வாங்கிய நாளில் பெட்டியில் இருந்த சிஸ்டத்துக்கு அது போகாது; இப்போது இருக்கும் சிஸ்டத்தின் மேல் வெறும் வீட்டைத் தரும்.

சுவரை எடுத்துக் கட்டுகிற வேலைக்குப் பெயர் ‘ஃப்ளாஷ்’ செய்வது. கம்பெனியின் சிஸ்டம் ஃபைலைக் கம்ப்யூட்டர் வழியாகப் போனில் எழுதுவார்கள். சாமானைத் தொடாமல் சுவரை மட்டும் கட்டுகிற ஃப்ளாஷும் உண்டு. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுக் கட்டுகிற ஃப்ளாஷும் உண்டு. அக்காவின் கதையில் நடந்தது இரண்டாவது.

“சிஸ்டத்தை மறுபடி போட்டா எல்லாம் அழிஞ்சுதான் ஆகணும்”

அதிகம் பேர் இழப்பது இந்த நம்பிக்கையால்தான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வீட்டில் இருந்த ஒரு பழைய சாம்சங் போனில் நானே இதைச் செய்து பார்த்தேன். அந்த போனுக்கான சிஸ்டம் ஃபைலை இறக்கி ஜிப்பைப் பிரித்தால் ஐந்து ஃபைல்கள் வரும். பிஎல், ஏபி, சிபி என்று தொடங்குபவை மூன்று. மீதி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: ஒன்று ‘சிஎஸ்சி’ என்று தொடங்கும், இன்னொன்று ‘ஹோம் சிஎஸ்சி’ என்று தொடங்கும். முதலாவதைப் போட்டால் உங்கள் தரவு அத்தனையும் அழியும். இரண்டாவதைப் போட்டால் சிஸ்டம் மட்டும் புதிதாக எழுதப்பட்டு, படங்களும் ஆப்களும் இருந்த இடத்தில் இருக்கும். ஃபைல் பெயரில் ‘ஹோம்’ என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் தொங்குகிறது ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்கள்.

போனை அணைத்து, சத்தம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி கேபிளைச் செருகினேன். எச்சரிக்கைத் திரை வந்தது. சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தியதும் டவுன்லோடு மோடு. கம்ப்யூட்டரில் ஒடின் என்ற மென்பொருள். சாம்சங் இதைப் பொதுமக்களுக்கென்று வெளியிட்டதில்லை. சர்வீஸ் ஆட்களின் கருவி, பல வருடமாக வெளியிலும் புழங்குகிறது. போன் இணைந்ததும் ஒரு சிறு கட்டம் நீலமாக மாறியது. ஏபி ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் ஒடின் உறைந்துபோனதுபோல் நின்றுவிட்டது. பல ஜிபி அளவுள்ள ஃபைலை அது சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் பொறுமை இழந்து மூடிவிடுபவர்கள் நிறைய. காத்திருந்தேன். நான்காவது இடத்தில் ஹோம் சிஎஸ்சி. ‘ரீ-பார்ட்டிஷன்’ என்ற கட்டத்தில் டிக் இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அதில் டிக் விழுந்தால் அறைகளின் பிரிவே மாறிவிடும். ஸ்டார்ட். சில நிமிடத்தில் பச்சை நிறத்தில் ‘பாஸ்’. போன் தானாக எழுந்தது, வழக்கத்தைவிட நேரமெடுத்தது, பிறகு பழைய வால்பேப்பரோடு பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே எல்லாம் இருந்தது.

மற்ற கம்பெனிகளிலும் இந்த வழி உண்டு. சியோமியின் எம்ஐ ஃப்ளாஷ் மென்பொருளில் அடியில் மூன்று தேர்வுகள் இருக்கும். அதில் ஒன்று பயனர் தரவை வைத்துக்கொள்வது. ஆனால் மென்பொருளைத் திறக்கும்போது பெரும்பாலும் தானாகத் தேர்வாகி நிற்பது ‘எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு’ என்பது. கவனிக்காமல் ஃப்ளாஷ் பட்டனைத் தட்டினால் அவ்வளவுதான். ஐபோனைக் கம்ப்யூட்டரில் இணைத்து ரெக்கவரி மோடுக்குக் கொண்டுபோனால் இரண்டு பட்டன்கள் வரும்: அப்டேட், ரீஸ்டோர். அப்டேட் கொடுத்தால் ஐஓஎஸ் மட்டும் மறுபடி நிறுவப்படும்; தரவு அழியாது. ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் அப்டேட் கொடுத்துப் பார்க்கும்படி ஆப்பிளே சொல்கிறது. ஃபைல் இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் போன் ரெக்கவரி மோடிலிருந்து வெளியேறிவிடும். பயப்பட வேண்டாம், இறக்கம் முடிந்தபின் மறுபடி உள்ளே கொண்டுபோகலாம்.

தரவைக் காக்கும் ஃப்ளாஷ் எப்போதும் கைகொடுக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். சில பழுதுகளுக்குத் துடைப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் துடைப்பது கடைசி முயற்சியாக இருக்க வேண்டும். நம் கடைகளில் அது முதல் முயற்சியாக இருக்கிறது. காரணம் எளிமையானது: துடைத்தால் வேலை சீக்கிரம் முடியும், போன் நிச்சயம் எழும், வாடிக்கையாளர் தகராறு செய்யமாட்டார்.

ஃப்ளாஷுக்கும் முன்னால் செய்ய வேண்டியவையும் உண்டு. பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் பத்துப் பதினைந்து நொடி அழுத்திக் கட்டாயமாக மறுதொடக்கம் செய்வது. சேஃப் மோடில் திறக்கிறதா என்று பார்ப்பது. திறந்தால் குற்றவாளி நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு ஆப். ரெக்கவரித் திரையில் கேஷ் பகுதியை மட்டும் துடைப்பது; இதில் படங்கள் போகாது. சாம்சங் ரெக்கவரித் திரையில் முழுத் துடைப்புக்கான வரியும் கேஷ் துடைப்புக்கான வரியும் அடுத்தடுத்து இருக்கும், முழுத் துடைப்பு ஒரு வரி மேலே. பட்டனை ஒரு தடவை குறைவாக அழுத்திவிட்டால் விபரீதம். வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

“அழிஞ்சாலும் ரெக்கவரி சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்”

பழைய மெமரி கார்டில் இது உண்மை. அங்கிருந்துதான் இந்த நம்பிக்கை பிறந்தது. கார்டில் படத்தை அழித்தால் அட்டவணையிலிருந்து பெயர்தான் போகும். படம் வேறொன்று வந்து மேலே எழுதும்வரை உள்ளேயே கிடக்கும்.

இன்றைய போனின் உள் சேமிப்பு அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு 10-உடன் விற்பனைக்கு வந்த போன்கள் எல்லாவற்றிலும், அதற்கு முந்தைய பலவற்றிலும்கூட, ஒவ்வொரு ஃபைலும் சங்கேதமாக்கப்பட்டே எழுதப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி போனின் சிப்புக்குள் இருக்கிறது. ரீசெட் செய்த கணத்தில் அந்தச் சாவி அழிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு மெமரி சிப்பையே கழற்றி எடுத்துப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எண் குவியல். ஐபோனிலும் இதே முறைதான்.

இது திருடனிடமிருந்து நம்மைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு. அதே ஏற்பாடு நம் தவறையும் மன்னிப்பதில்லை. ரீசெட்டுக்குப் பிறகு ‘ரெக்கவரி’க்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் கேட்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். உண்மையில் திரும்பி வரக்கூடியவை ஏற்கெனவே கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ கம்ப்யூட்டரிலோ பிரதி எடுத்து வைத்தவை மட்டும்.

வாட்ஸ்அப்பில் இதற்குள் இன்னொரு குழப்பம் இருக்கிறது. “அதுதான் தினமும் ராத்திரி தானா பேக்கப் ஆகுதே” என்பார்கள். ஆகிறது; போனுக்குள்ளேயே. ரீசெட்டில் அந்தப் பிரதியும் சேர்ந்து போகும். கூகுள் கணக்குக்குப் போகும் பிரதிதான் பிழைக்கும். 2024 முதல் அந்தப் பிரதி கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்கிடப்படுகிறது. இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். சிலருக்கு அது நின்று மாதக்கணக்கில் ஆகியும் தெரிவதில்லை.

“மாடல் பேர் ஒத்துப்போனா போதும், எந்த ஃபைலும் ஏறும்”

விற்பனைப் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் போன் வேறாகவும் இருக்கும். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒரு சிப், ஐரோப்பாவுக்கு ஒரு சிப் என்று விற்ற கம்பெனிகள் உண்டு. பார்க்க வேண்டியது செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் இருக்கும் மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை. சீனச் சந்தைக்கான சியோமி போனில், கம்பெனி அனுமதித்த சிஸ்டத்தை மட்டும் எழவிடும் காவலாளியான பூட்லோடரைத் திறந்து, உலகச் சந்தைக்கான சிஸ்டத்தை ஏற்றி, பிறகு பூட்லோடரைப் பூட்டினால், ‘இந்த மென்பொருளை இந்தக் கருவியில் நிறுவ முடியாது’ என்ற பொருளில் ஒரு வரி காட்டிவிட்டு போன் நின்றுவிடும். முன்பு சொன்ன அந்த ‘அழித்துப் பூட்டு’ தேர்வு ஆபத்தாவது இந்த இடத்திலும்தான்.

இதோடு ஒட்டிப் பிறந்த நம்பிக்கை, பிடிக்காவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம் என்பது. புது அப்டேட்டில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று பழையதைத் தேடுவார்கள். 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலர் அப்படிச் செய்து போனை இழந்தார்கள். பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் ஒரு எண் போனுக்குள் பதிந்திருந்தது, ஏற்றிய ஃபைலின் எண் அதைவிடச் சிறியது, போன் கல்லாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ போன்களில் அதை நிறுவியபின் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே அறிவித்தது. பழைய பூட்லோடரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை யாரும் திரும்பத் திறந்துவிடக் கூடாது என்பது காரணம். சாம்சங்கில் இந்த எண் பில்டு எண்ணிலேயே தெரியும்: கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து. போனில் 4 இருந்து ஃபைலில் 3 இருந்தால் ஏறாது. அந்த போனாவது மறுத்துவிடும், சாகாது. ஐபோனில் ஆப்பிளின் சர்வர் அப்போது கையெழுத்திடுகிற பதிப்பு மட்டுமே ஏறும். புதிய பதிப்பு வந்த கொஞ்ச நாளில் பழையதற்குக் கையெழுத்திடுவது நின்றுவிடும்.

“பேட்டர்ன் மறந்துபோச்சா? ரீசெட் பண்ணினா லாக் போயிடும்”

திரைப் பூட்டு போகும். உடனே அதைவிடப் பெரிய பூட்டு வரும். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து, ரெக்கவரி வழியாக ரீசெட் செய்த போன், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். ஐபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் ஆக்டிவேஷன் லாக் வந்தது. இரண்டுமே திருட்டுக்கு எதிரானவை.

நம் ஊரில் இது திருடனைவிட அதிகமாக உரியவரையே பிடிக்கிறது. போன் வாங்கும்போது கடைத் தம்பியே “ஜிமெயில் இருக்காம்மா? இல்லையா, நான் போட்டுத் தரேன்” என்று ஒரு கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவார். அந்தப் பாஸ்வேர்டு அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. கணக்கில் பதிவான நம்பர் சில சமயம் அந்தத் தம்பியுடையதாகவே இருக்கும். மூன்று வருடம் கழித்து ரீசெட் செய்யும் நாளில் சொந்த போனே திறக்க மறுக்கும்போதுதான் இது வெளியே வரும். அதைத் தாண்ட வேறு ‘வழி’ தேடி இன்னும் இரண்டு கடை ஏறுவார்கள். ரீசெட்டுக்கு முன் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய போன் வாங்குபவர்கள், விற்பவர் தன் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக உங்கள் கண்முன் ரீசெட் செய்து கொடுக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.

“ஐ.எம்.இ.ஐ. போனா போட்டுக்கலாம்”

தவறான முறையில் ஃப்ளாஷ் செய்த போன் எழுந்துவிடும், ஆனால் சிக்னல் வராது. *#06# அழுத்தினால் 15 இலக்க எண்ணுக்குப் பதில் வெறுமையோ பூஜ்யங்களோ தெரியும். ஐ.எம்.இ.ஐ. என்ற அந்த அடையாள எண்ணும் ரேடியோவுக்கான அளவீடுகளும் தனியாக ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. மீடியாடெக் சிப் போன்களுக்கான ஃப்ளாஷ் மென்பொருளில் ‘எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்’ என்ற தேர்வு அந்தப் பகுதியையும் வழித்துவிடும். அந்த எண்ணைப் போனிடமிருந்தே திரும்பப் பெற முடியாது. முன்பே எடுத்த பிரதி வேண்டும்.

அப்போது “வேற நம்பர் எழுதித் தரேன்” என்று சொல்பவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவது 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் பெட்டியிலும் இருக்கும். வாங்கும்போது *#06# அழுத்தி ஒப்பிடுங்கள்.

மற்ற சில

ரீசெட் செய்தால் வைரஸ் போய்விடும் என்பது பெரும்பாலும் சரி. விதிவிலக்கு ஒன்று பிரபலமானது. 2019-ல் இந்தியா, அமெரிக்கா, ரஷ்யாவில் அதிகம் பரவிய எக்ஸ்ஹெல்பர், ரீசெட்டுக்குப் பிறகும் திரும்பி வந்தது. ஆண்ட்ராய்டு 6, 7 உள்ள போன்களில் அது சிஸ்டம் பகுதிக்குள்ளேயே தன்னை எழுதிக்கொண்டது என்று காஸ்பர்ஸ்கி 2020-ல் விளக்கியது. சுவருக்குள் புகுந்த கரையான் சாமானை வெளியேற்றினால் போகுமா? கம்பெனி ஃபைலால் ஃப்ளாஷ் செய்வதே அதற்குத் தீர்வாக இருந்தது.

போன் மெதுவாகிவிட்டது என்பதற்காக ஃப்ளாஷ் செய்வது பெரும்பாலும் வீண். தேய்ந்த பேட்டரியும் நிரம்பி வழியும் சேமிப்பும் அப்படியே இருக்கும். பேட்டரி மூப்படைந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் அவற்றின் வேகம் திரும்பியது.

கம்பெனியின் சொந்த ஃபைலை, பூட்லோடரைத் திறக்காமல் ஏற்றினால் போனின் பாதுகாப்பு முத்திரை உடையாது. சர்வீஸ் சென்டரில் செய்வதும் அதுதான். பூட்லோடரைத் திறப்பது வேறு. திறந்த கணமே தரவு முழுதும் அழியும். பிறகு வங்கி ஆப்கள் பல ஓட மறுக்கும். சாம்சங்கில் வேற்றுச் சிஸ்டத்தை ஏற்றியதும் நாக்ஸ் என்ற உள் உருகி எரிந்துபோகும். மறுபடி பூட்டினாலும் அது திரும்பாது.

அக்கா இப்போது வேறு போன் வைத்திருக்கிறார். அளவு நோட்டின் படங்கள் கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போகின்றன. கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கின்றன.

இதைப் படித்து முடித்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்து, செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கூகுள் கணக்கின் பெயரும் கடைசியாக பேக்கப் ஆன தேதியும் அங்கே இருக்கும். அந்தத் தேதி இன்றையதோ நேற்றையதோ இல்லையென்றால், கீழே இருக்கும் ‘பேக்கப்’ பட்டனை இப்போதே அழுத்துங்கள். உங்கள் அம்மாவின் போனிலும் பாருங்கள்.